ஊசி போடும் நாள்

டோரிக்கா, இறந்துபோன தன் அக்காவின் வாயை மூடி, தாடையைத் துணியால் இறுகக் கட்டினாள். வலி மருந்து தீர்ந்த பிறகு, "வலிக்குதுடி" என்பதைத் தவிர அந்த வாயிலிருந்து வந்தது ஒன்றே ஒன்றுதான்: "எம்மக தடாலாவுக்கு அந்த ஊசியப் போட்ருடி."

அக்கா எனெலெசி, முலான்ஜே மலைச்சரிவில் தேயிலை பறித்தவள். இரத்தப்போக்கு நிற்கவில்லை என்று மருந்தகத்துக்குப் போனாள்; மாத்திரை கொடுத்தார்கள். மறுபடி போனாள், மறுபடியும் மாத்திரை. கடைசியில் நகரத்து ஆஸ்பத்திரியில், கர்ப்பப்பை வாயில் புற்று என்றார்கள். கதிர்வீச்சு கொடுக்கும் மிஷின் நாட்டிலேயே இல்லை, வெளிநாட்டுக்கு அனுப்புகிறோம், கூப்பிடும்வரை வீட்டில் இருங்கள் என்றார்கள். யாரும் கூப்பிடவில்லை.

டோரிக்கா வெளியே வந்து, பெண்கள் நடுவில் உட்கார்ந்திருந்த அக்கா மகளின் தோளைத் தொட்டாள்.

"தடாலா, எழுந்திரு. பள்ளிக்கூடத்துக்குப் போகணும்."

பெண்களின் அழுகை சட்டென்று நின்றது. அண்ணன் லைட்டன் குறுக்கே வந்தான். தாய்மாமன்; இந்த வீட்டில் அவன் சொல்தான் சொல்.

"எங்க கெளம்பிட்ட?"

"அக்காவுக்கு வந்த புற்று இவளுக்கு வராம இருக்க இன்னிக்கு ஊசி போட வர்றாங்கண்ணே. விட்டா அடுத்த வருசம்தான்."

"இவளப் பெத்தவ பொணம் உள்ள கெடக்கு, ஊசி கேக்குதா? அதப் போட்டா வயித்துல புள்ள தங்காதாம். சர்ச்சுல எல்லாரும் சொல்றாங்க."

"சொன்னவங்க யாராவது அக்கா துணியத் தொவச்சாங்களா?"

டோரிக்கா தடாலாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

பள்ளிக்கூட மாமரத்தடியில் நர்ஸ் குளிர்பெட்டியை மூடிக்கொண்டிருந்தாள்.

"கேட்ட மருந்துல பாதிதாம்மா வந்துச்சு. தீந்துபோச்சு."

"ஒரே ஒரு ஊசி..."

"இருந்தா தரமாட்டனா? பணக்கார நாட்டுல பையன்களுக்கும் போடுறாங்க. அவங்க வாங்குனது போக மிச்சம்தான் நமக்கு." நர்ஸ் குரலைத் தாழ்த்தினாள். "நாளன்னிக்கு ஆத்துக்கு அந்தப் பக்கம் நாமசோகோவுக்குக் கொஞ்சம் போகுது. முன்னாடியே போய் நில்லுங்க."

திரும்பும் வழியில் தடாலா கேட்டாள்: "சித்தி, எனக்கும் அம்மா மாதிரி வருமா?"

டோரிக்கா அவள் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

வீட்டில் சவப்பெட்டியை மூடி ஆணி அடித்திருந்தார்கள். லைட்டன் சுத்தியலோடு வாசலில் நின்றான்.

"போட்டாச்சா?"

"மருந்து இல்லியாம்."

'நான்தான் சொன்னேனே' என்பான் என்று காத்திருந்தாள். அவன் சுத்தியலைக் கீழே வைத்தான்.

"அவளப் பெட்டில வைக்க ஆளக் கூப்பிட்டேன். யாரும் வர்றதுக்குள்ள நானே தூக்கி வச்சிட்டேன், டோரிக்கா. கைப்புள்ள மாதிரி அவ்ளோ லேசா இருந்தா."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டான்:

"வேற எங்க போடுறாங்களாம்?"

"நாமசோகோல. நாளன்னிக்கு."

"நடுவுல ஆறு ஓடுதே, தாண்டணும்."

"ஆமா."

பெண்கள் பாட்டை எடுத்தார்கள். ஆண்கள் பெட்டியைச் சூழ்ந்தார்கள். லைட்டன் தடாலாவைப் பார்த்தான்.

"நாளன்னிக்கு விடியிறதுக்குள்ள ரெடியா இரு," என்று சொல்லிவிட்டு, குனிந்து பெட்டிக்குத் தோள் கொடுத்தான்.