பெரினா கழற்றிய கவசம்

பெரினாவுக்கு முதுகுக் கவசம் பூட்டிய அன்று, மீனவர் ஊரான ஸ்தாரா லூகாவில் காற்று நின்றுபோனது. மலையிலிருந்து இறங்கி, குளிர்காலம் முழுக்கப் படகுகளைக் கரையிலேயே முடக்கிப்போடும் புரா காற்று அது. அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. முதுகெலும்பு பக்கவாட்டில் வளைகிறது, வளர்ச்சி நிற்கும்வரை கவசம் போட்டால் வளைவு கூடாமல் தடுக்கலாம் என்று ஸ்ப்ளிட் நகரத்து மருத்துவர் சொல்லியிருந்தார். இடுப்பைத் தோல் பட்டை இறுக்கியது; அதிலிருந்து எழுந்த இரும்புக் கம்பிகள் தாடைக்குக் கீழே ஒரு வளையத்தில் முடிந்தன. குளிக்க மட்டும் தினமும் சிறிது நேரம் கழற்றலாம். அம்மா லூத்சே வார்களை அவிழ்த்ததும் ஊரெல்லாம் ஜன்னல்கள் படபடக்கும். திரும்பப் பூட்டியதும் அடங்கும். இரண்டாம் வாரத்துக்குள் ஊருக்கு விஷயம் புரிந்துவிட்டது. குளியல் நேரத்தை லூத்சே ஜன்னலில் நின்று கூவிச் சொல்வாள். பெண்கள் கொடியில் கிடக்கும் துணிகளை எடுத்துவிடுவார்கள்.

நல்ல வருடங்கள் அவை. ஜனவரியிலும் வாசலில் மேசை போட்டுச் சீட்டாடினார்கள். விரிகுடாவின் அக்கரையில் யாராவது இருமினால் இக்கரையில் கேட்டது. மத்தி மீன் கூடை கூடையாக வந்து இறங்கியது. பெரினாவின் அப்பா ஃபிரானே படகுக்குப் புது எஞ்சின் வாங்கினார். வழியில் பார்த்தவர்களெல்லாம் அவளுக்கு அத்திப்பழம் கொடுத்தார்கள். கோடையில் தோல் பட்டைக்குள் வியர்வை ஊறிப் புண்ணாகும். வகுப்புப் பெண்கள் பாறையிலிருந்து கடலில் குதிப்பதை அவள் விறைத்து நின்று பார்ப்பாள்.

அவளுக்குப் பதினைந்து வயதானபோது மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். கொஞ்சம் வளைவு இருக்கும், ஆனால் பயமில்லை, கழற்றிவிடலாம் என்றார். அன்று மாலையே மீனவர்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

"கண்ணு, இந்த ஒரு குளிர்காலம் மட்டும் போட்டுக்கோயேன்," என்றார் அவர்களில் மூத்தவரான பெப்போ. "உனக்குத்தான் பழகிப்போச்சே."

"பழகிப்போச்சா? நீங்க ஒரு நாள் இதை மாட்டிக்கிட்டு வலை இழுத்துட்டு வாங்க மாமா, அப்புறம் பேசலாம்."

யாரோ சிரித்தார்கள். பெப்போ சிரிக்கவில்லை.

"உங்கப்பன் வயித்துலயும்தாண்டி அடிக்கிற."

எல்லோரும் ஃபிரானேயைப் பார்த்தார்கள். அவர் எழுந்து துறைக்குப் போனார். தன் படகைக் கரையேற்றி, கயிற்றை இரட்டையாகப் போட்டுக் கட்டிவிட்டு வந்தார்.

"கட்டிட்டேன். நீ கழட்டும்மா."

வார்களை அவளே அவிழ்த்தாள். கதவு தானாகத் திறந்துகொண்டது; மேசை விரிப்பு கூரையில் போய் ஒட்டியது. அந்த வாரம் முழுக்க ஒருவரும் கடலுக்குப் போகவில்லை. ஃபிரானே அடுப்பருகே உட்கார்ந்து, மகள் வீட்டுக்குள் கைவீசி நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெப்போ இரண்டு நாள் திட்டினார். மூன்றாம் நாள் ஏணியைச் சாத்தி ஏறி, ஓடுகள் பறக்காமலிருக்கத் தன் வீட்டுக் கூரைமேல் கற்களை அடுக்கினார். மற்றவர்களும் அடுக்கினார்கள்.