டாமரிஸின் கடிதக்கட்டு

ஜெரூஷாவை அடக்கம் செய்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் மூன்று பேர் துக்கம் விசாரித்த கையோடு, "உங்க அக்கா எழுதின கவிதை எல்லாம் டாமரிஸ்கிட்டதான் இருக்காமே?" என்று கெசையாவைக் கேட்டுவிட்டுப் போனார்கள். தெரியாமலா கேட்டார்கள்? தெரிந்துதான் கேட்டார்கள்.

கெசையாவுக்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? இருபத்தாறு வருஷம் அக்காவுக்கு ரொட்டி சுட்டவள் இவள். இருமல் வந்தால் நெஞ்சுக்குக் கடுகுப் பற்றுப் போட்டவள் இவள். அந்த மகராசியோ தெருக்கோடியில் இருக்கும் சிநேகிதி டாமரிஸுக்குக் கடிதம் எழுதி, அதற்குள் கவிதையை மடித்து வைத்து அனுப்புவாள். பனியில் பாவாடை நனைய நனையக் கொண்டுபோய்க் கொடுத்ததும் இதே கெசையாதான். தங்கைக்கென்று ஒரு வரி? மூச்! ஒரே கூரைக்கடியில் இருப்பவளுக்கு யார் எழுதுவார்கள் என்று தன்னையே சமாதானம் செய்துகொள்வாள். அது அரை நாள் தாங்கும்.

இப்போது அக்கா போய்விட்டாள். எங்காவது தன் பெயர் போட்ட ஒரு துண்டுத்தாளாவது இருக்காதா என்று கெசையா வீட்டைச் சல்லடை போட்டுத் தேடினாள். சமையல் குறிப்பும் விதைக்கடைப் பட்டியலும்தான் அகப்பட்டன. மேஜை இழுப்பறைக்குள் டாமரிஸ் எழுதிய கடிதங்கள் மட்டும் நாடா கட்டி அடுக்காக இருந்தன.

அவர்கள் இருந்த மாசசூசெட்ஸ் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் இறந்தால், அவருக்கு வந்த கடிதங்களை எழுதியவரிடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். நடுவில் யாரும் பிரித்துப் பார்க்கக் கூடாது. அடுத்தவர் கடிதத்தைப் படிப்பதும் அடுத்தவர் பெட்டியில் கைவைப்பதும் அங்கே ஒன்றுதான்.

சனிக்கிழமைதோறும் வேகவைக்கும் அவரைப் பானையை அடுப்பில் ஏற்றிய கெசையா, அந்தக் கட்டைக் கையில் எடுத்தாள்.

"கவிதையும் அவளுக்கு, கடிதமும் அவளுக்கா?" என்று முணுமுணுத்தபடி நாடாவோடு அடுப்புக்குள் தள்ளினாள். ஒரு மடிப்பைக்கூடப் பிரிக்கவில்லை. அந்த மட்டுக்கும் மானமுள்ளவள்.

மதியம் டாமரிஸ் வந்தாள். "என் கடிதங்களை வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றாள்.

"இல்ல. எரிச்சுட்டேன்."

டாமரிஸ் நின்ற இடத்திலேயே நின்றாள். "படிச்சியா?"

"என்னை யாருன்னு நினைச்சே? அடுத்தவ கடிதத்தைப் படிக்கிற வளர்ப்பு இல்ல எங்களுது."

"படிச்சுத் தொலைச்சிருக்கலாம்டி" என்றபடி டாமரிஸ் நாற்காலியில் உட்கார்ந்தாள். "நான் ஒரு பக்கம்தான் எழுதுவேன். மறுபக்கத்தை வெறுமையா விடச் சொல்லியிருந்தா உங்க அக்கா. அதுலதான் அவ உன்னைப் பத்தி எழுதினா."

"என்னைப் பத்தியா?"

"உன்னைப் பத்திதான். முழுக்கக் கவிதை. தான் இருக்கும்போதே நீ படிச்சா வெட்கமா இருக்குமாம்; மேஜையைத் தினம் துடைக்கிறவ நீ, வேற எந்தத் தாள்ல எழுதினாலும் உன் கண்ணுல பட்டுடும்னு சொல்லியிருந்தா. என் தங்கை அடுத்தவங்க கடிதத்தை மட்டும் தொடவே மாட்டான்னு அவ்வளவு பெருமை அவளுக்கு. 'நான் போன பிறகு கட்டு உன் கைக்கு வரும் டாமரிஸ், அப்ப என் தங்கைகிட்ட கொடுத்துடு'ன்னு எனக்கு எழுதியிருந்தா."

கெசையா அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள். டாமரிஸ் விடவில்லை.

"எனக்கு வந்ததெல்லாம் ஆப்பிள் மரமும் ஆத்து வெள்ளமும் பாதிரியார் வீட்டுப் பூனையும்தான். என்னைப் பத்தி ஒரு வரி கிடையாது. இத்தனை வருஷமும் உன்மேல எனக்கு எவ்வளவு பொறாமை தெரியுமா? உனக்குக் கொடுக்கறதுக்கு முன்னால ஒரு தடவை படிச்சுடணும்னுதான் ஓடி வந்தேன்."

டாமரிஸுக்கா, தன்மேலா! கெசையாவின் மனசு ஒரு கணம் குளிர்ந்துதான் போயிற்று. அதன் பிறகுதான் மற்றது உறைத்தது.

"ஒரு வரியாவது உனக்குத் தெரியுமா?"

"நான் எங்க பாத்தேன்?"

"எத்தனை இருந்திருக்கும்?"

"நூத்திப் பன்னிரண்டு கடிதம் எழுதினேன்" என்றாள் டாமரிஸ். "ஒண்ணைக்கூடக் காலியா விடலன்னு எழுதியிருந்தா உங்க அக்கா."