அடுப்புக்கு மேலே இருந்த ஏடு

ஆண்கள் எல்லோரும் அப்பாவை எரிக்கப் போய்விட்டார்கள். அகதி விடுதியின் பொதுச் சமையலறையைக் கழுவி முடித்து நிமிர்ந்த குணேஸ்வரி, அடுப்புக்கு மேலே இருந்த ஆணியைப் பார்த்தாள். அதில் தொங்கிய ஓலை ஏட்டுக்கட்டைக் காணவில்லை.

எங்கே போயிருக்கும் என்று யோசிக்கத் தேவையிருக்கவில்லை. போன கிழமை அப்பா மாரடைப்பில் போனதிலிருந்து அண்ணன் பாஸ்கரன் ஒரே பல்லவிதான் பாடிக்கொண்டிருந்தான். "அப்பான்ரை உயிரே அதிலைதான். அவரோடையே போகட்டும்." அந்தத் திடீர்ப் பாசம் அப்போதே அவளுக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஈரச் சேலையோடு, அந்த ஜெர்மன் நகரமான கெல்சென்கிர்ச்சனின் டிராமில் ஏறினாள். பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. அவள் போனாள்.

அந்த ஏட்டை எழுதியவர் வேலாயுதக் கணக்கர். யாழ்ப்பாணத்தை ஒல்லாந்தர் ஆண்ட காலத்தில் பகலெல்லாம் அவர்களுடைய வணிகக் கும்பனிக்குக் காணிப் பதிவு எழுதினார். வீட்டுக்கு வந்து, அந்தப் பதிவில் யார் யாரை ஏமாற்றினார்கள் என்று ஓலையில் எழுதினார். கும்பனிக்காரர் கண்டுபிடித்து அந்த ஓலைகளை எரித்தார்கள். மனுசன் அடங்கவில்லை, முதலிலிருந்து மறுபடி எழுதினார். அதில் குணேஸ்வரியின் பரம்பரையும் வருகிறது. அவர்களுடைய மூதாதை ஆறுமுக உடையார் பொய்ச்சத்தியம் பண்ணி, வள்ளியம்மை என்ற விதவையின் பனங்காணியைத் தன் பெயருக்கு எழுதிக்கொண்டவர். கணக்கர் செத்ததும் உடையார் ஏட்டை அள்ளிக்கொண்டு வந்தார், எரிக்கத்தான். நாளைக்கு நாளைக்கு என்று அடுப்புப் பரணில் போட்டுவைத்தார். புகை பட்டுப் பட்டுப் பூச்சி அண்டாமல் ஏடு பிழைத்துக்கொண்டது.

அப்பா இராசலிங்கமும் அதே சோம்பேறிப் பரம்பரைதான். யாழ்ப்பாண நூலகத்துக்குக் கொடுக்கப்போகிறேன் என்று வருடக்கணக்காகச் சொல்லித் திரிந்தார். எண்பத்தொன்றில் நூலகம் எரிந்தது, ஏடு தப்பியது. எண்பத்து நான்கில் உடுப்புகளை விட்டுவிட்டு ஏட்டைச் சுமந்துகொண்டு ஜெர்மனிக்கு வந்தார். விடுதிக் காவலர் எத்தனை தரம் கத்தியும் அடுப்புக்கு மேலேதான் தொங்கவிட்டார். குணேஸ்வரி சமைக்கும்போதெல்லாம் வாசிப்பார், உடையார் வருகிற இடத்தை இன்னும் சத்தமாக.

தகனசாலை ஊழியரான கறுப்புக் கோட்டுக்காரர் சவப்பெட்டியின் மூடியோடு தயாராக நின்றார். மஞ்சள் துணி சுற்றிய கட்டு அப்பாவின் நெஞ்சில் இருந்தது.

"நீ ஏன் இஞ்சை வந்தனி?" என்றான் பாஸ்கரன்.

"அதை எடுக்க வந்தனான்."

"சனம் பாக்குது குணேஸ். வீட்டை போ."

"அண்ணை, நீங்கள் அப்பாவை அனுப்புறியளோ, உடையாரை ஒளிக்கிறியளோ?"

அவன் குரலைத் தணித்தான். "எங்களுக்கு மிஞ்சினது குடும்பப் பேர் ஒண்டுதான். அதுவும் போனா என்னடி இருக்கு?"

"வள்ளியம்மைக்கு இந்த ஓலையை விட்டா ஒண்டுமில்லை. கும்பனி ஒருக்கா எரிச்சது போதும். ரெண்டாம்தரம் எரிக்க நான் விடன்."

பெட்டிக்குள் கையை விட்டு ஏட்டுக்கட்டை எடுத்தாள். அப்பாவின் விரல்கள் குளிர்ந்து கிடந்தன. அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. அழுகையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டாள். கயிற்றை அவிழ்த்து, கேட்டுக் கேட்டு மனப்பாடமாகிப்போன ஓலையை எடுத்து எல்லோருக்கும் கேட்க வாசித்தாள். உடையாரின் பெயரை வாசித்தாள். பொய்ச்சத்தியத்தை வாசித்தாள். அந்தப் பனங்காணியின் நாலு எல்லையையும் வாசித்தாள்.

கறுப்புக் கோட்டுக்காரர் பாஸ்கரனிடம் குனிந்து, இது பிரார்த்தனையா என்று ஜெர்மன் மொழியில் கேட்டார்.

பாஸ்கரன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, ஆமாம் என்பதற்கு "யா" என்றான்.

பின்வரிசையிலிருந்து, விடுதியில் அடுத்த அறைக்காரரான பரராசசிங்கம் எழுந்தார். "பிள்ளை, அந்த மனுசியின்ரை பேரை இன்னொருக்கா வாசியுங்கோ."

வாசித்தாள். அதற்குப் பிறகுதான் பெட்டியை மூட விட்டாள்.

பின்னேரம் கட்டு மறுபடி ஆணியில் ஏறியது. குணேஸ்வரி ஒரு பழைய டின் மூடியை அடுப்பில் வைத்துச் சாம்பிராணி போட்டாள். சமையலறை முழுக்கப் புகை மண்டியது. குளித்துவிட்டு வந்த பாஸ்கரன் இருமினான். ஜன்னலைத் திறக்கக் கொண்டியில் கை வைத்தவன், அடுப்புக்கு மேலே ஒருதரம் பார்த்தான். பிறகு கையை எடுத்துவிட்டு, கண் எரிய அங்கேயே நின்றான்.