நெல்டா வந்த மதியம்

தேவாலயத்துச் சமையலறையில் பீன்ஸ் வெந்துகொண்டிருந்தது. ரூபீனா டாலிவர் சோளரொட்டியைத் துண்டு போட, அவள் கணவனின் தங்கை மேட்டி தட்டுகளில் அடுக்கினாள். மிசிசிப்பியின் அந்தச் சிற்றூரில், கோழி வெட்டிப் பொட்டலம் கட்டும் ஆலையின் கறுப்புத் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் தொடங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. முன்னின்று நடத்துகிறவள் ரூபீனா. போராடும் குடும்பங்களுக்கு மதியச் சாப்பாடு அங்கேதான்.

ஆலையில் ஈரத்தில் நின்று குடல் உருவும் வேலை கறுப்புப் பெண்களுக்கு. பொட்டலம் கட்டும் வேலை வெள்ளைக்காரப் பெண்களுக்கு. அதற்குக் கூலியும் சற்று அதிகம். கத்தி பட்டுக் கை கிழிந்தால் வைத்தியம் அவரவர் பாடு. நிறம் பார்க்காமல் வேலை வேண்டும், குடும்பம் நடத்தக் கூலி வேண்டும், காயத்துக்கு வைத்தியம் வேண்டும் என்று கேட்டார்கள். வெள்ளைக்காரர்கள் உள்ளே இருந்ததால் ஆலை நொண்டி நொண்டி ஓடியது. முதலாளி அசையவில்லை.

வெள்ளைக்காரத் தொழிலாளிகளும் ஒருநாள் நம் பக்கம் வருவார்கள் என்று ரூபீனா கூட்டந்தோறும் சொல்வாள். சனங்கள் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். அண்ணிக்குப் பசி மயக்கம் என்பாள் மேட்டி.

பின்கதவு தட்டப்பட்டது. மேட்டி திறந்தாள். பொட்டலப் பகுதி நெல்டா ஸ்டோக்ஸ் நின்றாள். இடது கையில் பழந்துணிக் கட்டு.

"மிசஸ் டாலிவர் இருக்காங்களா?"

மேட்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருஷம் "ஏய், ரூபீனா" என்று கூப்பிட்ட வாய் அது.

"இது பின்வாசல். உங்களுக்கெல்லாம் முன்வாசல்தானே பழக்கம்?" என்றாள்.

ரூபீனா திரும்பிப் பார்த்தாள். வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் தனித்தனிக் குடிநீர்க்குழாய் கூடாதென்று சட்டம் வந்த கோடையில், பொட்டலப் பகுதிக் குழாயில் அவள் அங்கிருந்த குவளையில் தண்ணீர் பிடித்துக் குடித்தாள். அடுத்து நின்ற நெல்டா அந்தக் குவளையைக் குப்பையில் போட்டாள். அதைப் பார்த்து அந்தப் பகுதியே சிரித்தது. மேடையில் நம்பிக்கையைப் பேசுவது எளிது. அது இந்த முகத்தோடு வாசலில் வந்து நின்றபோது, உள்ளே வா என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.

"அண்ணி, நீங்க குடிச்ச குவளையைக் குப்பையில போட்டவளுக்கு இன்னைக்குச் சோறு போடப் போறீங்களா?" என்றாள் மேட்டி.

ரூபீனா நெல்டாவின் கையைப் பார்த்தாள். கட்டின் ஓரத்தில் ரத்தம் கசிந்திருந்தது. அந்தக் காயம் எந்தக் கத்தியால், எந்த இடத்தில் படும் என்று அவளுக்குத் தெரியும். அவள் கையிலும் அதே தழும்பு உண்டு.

"உள்ள வாங்க. முதல்ல உக்காருங்க."

ஆள் இல்லாததால் பொட்டலப் பெண்களைக் குடல் உருவ அனுப்பிவிட்டார்களாம். கத்தி வழுக்கி, உள்ளங்கை பிளந்திருக்கிறது. வைத்தியரிடம் அனுப்பச் சொன்னதற்கு மேற்பார்வையாளன், கறுப்பச்சிகள் துணியைச் சுற்றிக்கொண்டு வேலை பார்க்கவில்லையா, உனக்கென்ன என்றானாம். சொல்லி முடிக்குமுன் நெல்டா அழுதுவிட்டாள். குவளையைப் பற்றியும் அவளே பேசினாள், மன்னிக்கச் சொன்னாள்.

"மறக்க முடியாது," என்றாள் ரூபீனா. "ஆனா அதுக்காக உங்களைத் திருப்பி அனுப்ப மாட்டேன். சாப்பிடுங்க."

மேட்டி முணுமுணுத்துக்கொண்டே காயத்தைக் கழுவிப் புதுக்கட்டு போட்டாள். திங்கட்கிழமை பொட்டலப் பெண்களை வெளியே அழைத்துவரப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு நெல்டா போனாள்.

திங்கட்கிழமை காலை ஆலை வாசலில் ரூபீனாவின் கண் கதவிலேயே இருந்தது. வேலை தொடங்கும் சங்கு ஊதியது. உள்ளிருந்து யாரும் வரவில்லை. பிறகு கதவு திறந்து, வேலைக்குக் கட்டும் மேல்துணியைக் கழற்றாமலே நெல்டா வந்தாள். பின்னால் பொட்டலப் பெண்கள், எல்லாரும் இல்லை, பாதிப் பேர். அது போதுமானதாக இருந்தது. மதியத்துக்குள் இயந்திரங்களின் இரைச்சல் அடங்கிவிட்டது.

வாரக் கடைசியில் முதலாளி பேச்சுக்கு அழைத்தார். வைத்தியச் செலவுக்கும் கூலி உயர்வுக்கும் சம்மதித்தார். பொட்டலப் பகுதியை எல்லாருக்கும் திறந்துவிட்டார். செய்தி கேட்டதும் ரூபீனா தேவாலயப் பெஞ்சில் சாய்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, நெடுநாளைக்குப் பிறகு நிம்மதியாக மூச்சு விட்டாள்.

அன்று கூட்டத்தில் நெல்டாவையும் பேசச் சொன்னார்கள். கூச்சத்தோடு எழுந்தாள்.

"உங்க கூலியில குறைச்சதை எங்களுக்குக் கூட்டிக் கொடுக்கிறாங்கன்னு நம்பிட்டு இருந்தேன். பெருசா ஒண்ணும் கொடுக்கல. நாங்க உசத்திங்கிற நினைப்பை மட்டும் கொடுத்து எங்க வாயையும் அடைச்சிட்டாங்க. நிறத்தைப் பாத்துப் பிரிஞ்சு நிக்கிறவரைக்கும் ஏழைக்கு நியாயம் கிடைக்காது. இதைப் புரிஞ்சுக்க நான் என் கையை வெட்டிக்க வேண்டியிருந்தது. உங்க பிள்ளைங்களுக்கும் எங்க பிள்ளைங்களுக்கும் அந்த நிலைமை வரவேண்டாம்."