வெறும் தொட்டில்

சேஷனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சர்க்கார் கச்சேரியில் பேனாவை வைத்துவிட்டு வலியசாலை வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் கை தினவெடுத்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் சட்டையைக் கழற்றி மாட்டினான், காப்பியைப் பாதி குடித்தான், நேரே கொல்லைத் தொழுவத்துக்குப் போனான். மாடு போன தொழுவம். இப்போது இழைப்புளியும் மரச்சுருளும்தான் அங்கே குடியிருந்தன.

மகாராஜா சர்க்காரில் குமாஸ்தா, பிராமணன், இவனுக்கு ஏன் தச்சுவேலை என்று தெரு பேசாமலா இருக்கும்? பேசியது. அதே தெருதான் அவன் செய்த மடக்கு மேஜையை இரவல் கேட்டும் வந்தது. அவன் எதையும் சட்டை பண்ணவில்லை.

ஆனால் இந்தத் தடவை செய்வதை வெளியே சொல்ல முடியாது. மனைவி சீதாலக்ஷ்மிக்கு எட்டாம் மாதம். தாய் இல்லாதவள், அதனால் பிரசவமும் இங்கேதான். முன்பு இரண்டு குழந்தைகள் பிறந்து, பெயர் வைக்கும் நாள் வரைகூடத் தங்கவில்லை. பிறக்கும் முன்னால் குழந்தைக்கென்று ஒரு துணிகூடச் சேர்த்து வைக்கக்கூடாது என்பது அந்தத் தெரு வீடுகளில் சட்டம். தொட்டிலை நினைக்கவே கூடாது. இவனோ தொட்டிலுக்கென்று பலாப்பலகையை அறுத்தே விட்டான். பயம் வந்தால் சிலர் ஸஹஸ்ரநாமம் சொல்வார்கள். இவனுக்கு மரத்தை இழைத்தால்தான் மூச்சு வரும்.

அதற்கும் ஒரு சமாதானம் வைத்திருந்தான். எல்லாம் தனித்தனித் துண்டு. மரமுளை அடித்துச் சேர்க்காத வரைக்கும் அது தொட்டில் இல்லை, வெறும் பலகை. பகவானையே ஏமாற்றுகிற சாமர்த்தியம் பாருங்கள்!

பக்கத்து வீட்டுப் பஞ்சாபகேசன் மதிலுக்கு மேலே தலையை நீட்டினார்.

"என்னாக்கும் ஓய் பண்றீர்?"

"புஸ்தக அலமாரியாக்கும்."

"அலமாரிக்கு எதுக்கு இத்தனை அழி?" என்று வரிசையாகச் சாத்தியிருந்த மெல்லிய மரச்சட்டங்களைக் காட்டினார்.

"காத்தோட்டத்துக்கு."

"புஸ்தகத்துக்குக் காத்தோட்டமா? நன்னாயிருக்கு," என்று அவர் சிரித்துக்கொண்டே போனார். சேஷனுக்கு வியர்த்துவிட்டது.

வெள்ளிக்கிழமை சீதாலக்ஷ்மி வெற்றிலை பாக்குக்குப் பஞ்சாபகேசன் வீட்டுக்குப் போயிருந்தாள். தனியாக நின்றவனுக்குப் பொறுக்கவில்லை. எல்லாம் ஒத்துப்போகிறதா என்று ஒரு தடவை சேர்த்துப் பார்த்தால் என்ன? பிரித்துவிட்டால் போயிற்று. அடித்தான். முளைகள் கச்சிதமாக இறங்கின. தொட்டில் நின்றது. செய்தவன் கை சும்மா இருக்குமா, அச்சு சரியாக இருக்கிறதா என்று ஒரு தள்ளு தள்ளினான்.

சத்தமில்லாமல் ஆடியது. அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது. வெறும் தொட்டிலை ஆட்டினால் குழந்தைக்கு ஆகாது என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவன், தன் கையாலேயே ஆட்டிவிட்டான். பதறிப் பிடித்து நிறுத்தினான். பாழாய்ப்போன கை என்று தன்னையே திட்டிக்கொண்டு முளையைப் பிடுங்கப் பார்த்தான். வரவில்லை. அவ்வளவு நன்றாக அடித்திருந்தான்.

நிமிர்ந்தால், தொழுவத்து வாசலில் சீதாலக்ஷ்மி.

"பிரிச்சுடறேன் சீதா. இதோ, இப்பவே. நீ பாக்காதே, உள்ளே போ."

அவள் போகவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தாள்.

"ரெண்டு தடவையும் ஒண்ணுமே பண்ணி வைக்கலை," என்றாள். "பயந்து பயந்து இருந்தோம். தங்கித்தா?"

சேஷன் முளையிலிருந்து கையை எடுத்தான்.

"பிரிக்க வேண்டாம். நாம காத்துண்டிருக்கோம்னு இந்தக் குழந்தைக்காவது தெரியட்டும்."

சொல்லிவிட்டுத் தொட்டிலைத் தானே ஆட்டினாள். சேஷன் தடுக்கக் கையை நீட்டினான், பாதியில் விட்டுவிட்டான். ஆடி அடங்கும் வரை அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இடது பக்கம் இழுக்கறது. குழந்தை தலையை இடிச்சுக்கும். சரி பண்ணுங்கோ."

அவன் குனிந்து பார்த்தான். கண்ணீர் மறைத்தது, ஒன்றும் தெரியவில்லை.

"ஆமாம், இழுக்கறது," என்றான்.