முப்பத்தெட்டாவது பெட்டி

போனில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. இந்துப்ரியாவின் எரிச்சலுக்கு அதுவே காரணம். கேபிளைச் செருகியதும் போன் ஒருமுறை அதிர்ந்தது, திரையின் மூலையில் மின்னல் குறி வந்தது, பதினொரு சதவீதம் பன்னிரண்டாகவும் ஆனது. கம்ப்யூட்டருக்கோ அப்படி ஒரு போன் வந்து சேர்ந்த சேதியே தெரியவில்லை. திரையில் சி, டி என்று வழக்கமான இரண்டு டிரைவ்கள் மட்டும் இருந்தன. அவள் கேபிளைப் பிடுங்கி மறுபடி செருகினாள். மறுபடி மின்னல் குறி. சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டு பத்து. நான்கு மணிக்குள் படிவம் போயாக வேண்டும்.

கப்பலூர் தொழிற்பேட்டையில், நாற்கரச் சாலையிலிருந்து மூன்றாவது தெருவில் இருக்கிறது அந்த ரப்பர் கம்பெனி. குழாய் இணைப்புகளுக்கான வளையங்கள் செய்கிறார்கள். அவற்றைப் பெட்டியில் வரிசை வரிசையாக அடுக்கும்போது ஒவ்வொரு வரிசைக்கும் நடுவில் ஒரு மெழுகுத்தாள் போட வேண்டும். போடாவிட்டால் லாரிச் சூட்டில் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டி உருவம் குலைந்துவிடும். தீபாவளிக்கு முந்தின வாரம் ஓசூருக்குப் போன நாற்பது பெட்டிச் சரக்கில் அப்படித்தான் ஆகியிருந்தது. மேலாகத் திறந்து பார்த்த பெட்டிகளில் தாளே இல்லை என்று மொத்தச் சரக்கையும் ஓசூர்க்காரர்கள் நிறுத்தி வைத்துவிட்டார்கள். அவர்கள் அனுப்பிய புகார்ப் படிவத்தில் இரண்டு கட்டங்கள் முக்கியமானவை. தவறுக்குக் காரணம் என்ன, அதற்குப் பொறுப்பானவர் யார்.

தரக் கட்டுப்பாட்டில் மூன்று வருடமாக இருப்பவள் என்பதால் அந்தப் படிவம் இந்துப்ரியாவின் வேலை. ஆனால் என்ன எழுத வேண்டும் என்பதை மேனேஜர் விஜய்ஆனந்த் காலையிலேயே சொல்லிவிட்டார். பேக்கிங் பெண்ணின் கவனக்குறைவு, பெயர் தங்கப்பொண்ணு, இன்று மாலையோடு வேலையிலிருந்து நீக்கப்பட்டார். "ஒரு பேரு வேணும்மா. பேரு இல்லாம அனுப்புனா நம்ம ஒண்ணும் செய்யலன்னு நெனப்பாங்க" என்றார். அவர் கெட்டவர் இல்லை. சொல்லும்போது அவளுடைய முகத்தைப் பார்க்காமல் மேசைமேல் இருந்த அளவுகோலைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். இந்துப்ரியா தட்டச்சு செய்தும் விட்டாள்.

சாப்பாட்டு மணி முடிந்ததும் தங்கப்பொண்ணு வந்து ஆபீஸ் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். திருமங்கலத்துக்கு அப்பாலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவள். கையில் விரிசல் விட்ட போன். ஒவ்வொரு பெட்டியையும் டேப் ஒட்டுவதற்கு முன்னால் படம் எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னாள். எடுக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. முன்பு வேலை பார்த்த அப்பளக் கம்பெனியில் எண்ணிக்கை குறைந்ததென்று அவள்மேல் பழி விழுந்து, இல்லை என்று சொல்ல வாயைத் தவிர வேறொன்றும் இல்லாமல் வெளியே வந்தவள். அன்றிலிருந்து எதை மூடினாலும் ஒரு படம்.

விஜய்ஆனந்த் இதைக் கேட்டு ஓசூருக்குப் போன் போட்டார். வாட்ஸப்பில் வருகிற படத்தை இன்றைக்கு உட்கார்ந்துகூட எடுக்கலாம், தேதியோடு அசல் ஃபைல் வந்தால் பார்க்கிறோம், நான்கு மணி நான்கு மணிதான் என்றார்கள். ஆபீஸ் நெட் கம்ப்யூட்டருக்கு மட்டும்தான், அதனால் இந்துப்ரியா தன் போனின் நெட்டைத் தங்கப்பொண்ணின் போனுக்குப் பகிர்ந்து மெயிலில் அனுப்பிப் பார்த்தாள். தகரக் கூரைக்கு அடியில் டவர் எடுக்காமல் அரை மணி நேரத்தில் மூன்று படம் போனது. மிச்சம் இருந்தது கேபிள் வழி ஒன்றுதான்.

முதல் கேபிள் லோடு ஏற்றுகிற ராஜபாண்டியுடையது. பெரியார் பஸ் ஸ்டாண்டில் நடைபாதையில் வாங்கியதாம். போன் கம்ப்யூட்டரில் தெரியவில்லை என்றதும் அவன் தலையைச் சொறிந்தான். "அது சார்ஜுக்கு மட்டுந்தேன் ஆகும் போல மேடம். விக்கிறப்ப அவன் பாட்டுக் கேக்கலாம், படம் பாக்கலாம்னு அம்புட்டும் சொன்னான்." பிறகு தங்கப்பொண்ணைப் பார்த்து, "என்னக்கா, இம்புட்டுப் படம் எடுத்திருக்கீக, லாரிப் பக்கம் திரும்பி என்னைய ஒண்ணு எடுத்திருக்கக் கூடாதா? பொண்ணு பாக்கக் குடுத்து விட்டிருப்பேன்ல" என்றான். அவள் சிரிக்கவில்லை. ஆனாலும் தோள் கொஞ்சம் தளர்ந்தது.

விஜய்ஆனந்த் தன் புதுப் போனோடு வந்த கேபிளைக் கொடுத்தார். அதிலும் மின்னல் குறி மட்டும்தான். இந்துப்ரியா போனின் திரையை மேலிருந்து இழுத்துப் பார்த்தாள். ஃபைல் மாற்றவா, சார்ஜ் மட்டும் போதுமா என்று கேட்கிற வரி அங்கே இருக்க வேண்டும். இல்லை. போனை அணைத்துப் போட்டாள். கம்ப்யூட்டரையும் அணைத்துப் போட்டாள். அது கிழட்டு மிஷின், எழுந்து வர ஏழு நிமிடம் எடுத்துக்கொண்டது. பின்பக்கத்து ஓட்டைகளில் செருகிப் பார்க்கவும் வழியில்லை. போன வருடம் உள்ளேயிருந்த ராம் சிப் திருட்டுப் போனதிலிருந்து சி.பி.யூ.வை இரும்புக் கூண்டில் வைத்துச் சுவரோடு பூட்டியிருந்தார்கள். முன்பக்கம் மட்டும் கையை விடுகிற அளவுக்கு இடைவெளி. சாவி முதலாளியிடம், முதலாளி கோயம்புத்தூரில்.

மணி மூன்று ஐந்துக்குத் தம்பி கார்த்திகேஷைக் கூப்பிட்டாள். காளவாசலில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் இருக்கிறான். அக்காவும் தம்பியும் வீட்டில் பேசுகிற சௌராஷ்டிரத்திலேயே பேசினார்கள். அவன் டிரைவரைப் பார்க்கச் சொன்னான், பார்த்தாள். போனில் உள்ளே எங்கேயோ போய் ஏழு தடவை தட்டி ஒரு மெனுவைத் திறக்கச் சொன்னான், திறந்தாள். ஒன்றும் நடக்காமல் அவன் குரலை உயர்த்தினான், இவளும் உயர்த்தினாள். ஓரமாக நின்ற தங்கப்பொண்ணு மெல்லக் கேட்டாள்.

"உங்க பாசையில என்னையத் திட்டுறாகளா மேடம்?"

"இல்லக்கா. என்னையத்தான் திட்டுறான்."

கடைசியில் அவன் கேட்டான். கேபிள் செருகுகிற அந்த ஓட்டையில் வேறு ஏதாவது வேலை செய்கிறதா? தினமும் என் போனை அதில்தானே சார்ஜ் போடுகிறேன் என்றாள். சார்ஜ் கணக்கில்லை என்றான் அவன். கரண்டு ஓரத்து இரண்டு கம்பிகளில் போகிறது, படம் போவது நடுவில் இருக்கிற இரண்டு கம்பிகளில். டார்ச் அடித்து உள்ளே பார்.

அவள் தரையில் மண்டியிட்டுக் கூண்டுக்குள் வெளிச்சம் அடித்தாள். ஓட்டைகள் இரண்டிலும் நடுவில் மஞ்சளாக ஏதோ இறுகிக் கிடந்தது. துருவோ என்று நினைத்தாள். பிறகு ஓரத்தில் சிவப்பாகத் துளி தெரிந்ததும் விளங்கியது. சந்தனமும் குங்குமமும்.

ஆயுத பூஜை அன்று ஷெட்டில் வளையம் வார்க்கிற அச்சு மிஷின், தராசு, லாரியின் முகப்பு என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பது பேக்கிங் பெண்கள். ஆபீஸுக்குள் மட்டும் ஆபீஸ்காரர்களே வைத்துக்கொள்வார்கள். அது ஏன் என்று யாரும் கேட்டதில்லை, யாரும் சொன்னதும் இல்லை. இந்த வருடம் இந்துப்ரியாவுக்குக் கையில் வேலை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே கிண்ணத்தோடு போன தங்கப்பொண்ணைக் கூப்பிட்டு, இதுக்கும் வச்சிருங்கக்கா என்று சொல்லிவிட்டு மெயிலுக்குத் திரும்பிவிட்டாள். எங்கே வைத்தாள் என்று பார்க்கவில்லை.

"நாந்தேன் வச்சேன்" என்றாள் தங்கப்பொண்ணு. அவளும் குனிந்து பார்த்திருந்தாள். "ரெண்டு கண்ணு மாதிரி இருந்துச்சு. நெத்தி எதுன்னு தெரியல. கண்ணுலயே வச்சுட்டேன்." பிறகு தனக்கே சொல்லிக்கொள்வதுபோல, "அரைச்ச சந்தனம் வேற. கல்லா இறுகியிருக்கும்" என்றாள்.

கரண்டை அணைத்துவிட்டு, இரும்பு படாமல் சுரண்டச் சொல்லியிருந்தான் கார்த்திகேஷ். இந்துப்ரியா மூலையில் இருந்த விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவப் போனாள். தங்கப்பொண்ணு அவள் கையைத் தொடாமல் தடுத்தாள். பொட்டு வைத்ததில் விளக்குமாறு படக் கூடாதாம். சாமி படத்துக்குக் கீழே எரிந்து முடிந்த ஊதுபத்திகளின் குச்சிகள் நின்றன. அதில் ஒன்றை எடுத்துவந்து தரையில் உட்கார்ந்தாள். அடியில் ஒரு வெள்ளைத்தாளை விரித்தாள். கூண்டுக்குள் கையை விட்டு, கண்ணில் விழுந்த தூசியை எடுப்பதுபோல மெதுவாகச் சுரண்டினாள். பொடி உதிர்ந்தது. இந்துப்ரியா டார்ச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அழுக்கேறிய ரப்பர் வாசனைக்கு நடுவே சந்தனத்தின் வாசம் லேசாகத் திரும்பி வந்தது. பதினைந்து நிமிடம் ஆனது. மிஷின் எழ இன்னும் ஏழு.

இந்தத் தடவை கேபிளைச் செருகியதும் கம்ப்யூட்டர் 'டிங்' என்றது. போனில் அந்த வரி வந்தது. இந்துப்ரியா ஃபைல் என்பதைத் தொட்டாள். திரையில் மூன்றாவதாக ஒரு குறி முளைத்தது.

படங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. பெட்டி, பெட்டி, பெட்டி, நடுவில் நர்ஸிங் யூனிபார்மில் ஒரு பெண், ஒரு கன்றுக்குட்டி, மறுபடி பெட்டி. தேதிப்படி அடுக்கியதும் ஓசூர்ச் சரக்கு வரிசையாக வந்து நின்றது. ஒவ்வொரு பெட்டியின் மேலும் பேனாவால் எண் எழுதிய துண்டுச் சீட்டு. வளையங்களுக்கு மேல் மெழுகுத்தாள் வெளிச்சத்தில் பளபளத்தது. ஒன்று, இரண்டு, பத்து, இருபத்தைந்து. இந்துப்ரியாவுக்கு மூச்சு சீரானது. முப்பத்தேழிலும் தாள் இருந்தது. முப்பத்தெட்டில் இல்லை. கறுப்பு வளையங்கள் ஒன்றின்மேல் ஒன்று வெறுமனே கிடந்தன. முப்பத்தொன்பதும் நாற்பதும் அப்படியே. லாரியில் கடைசியாக ஏறி, ஓசூரில் முதலில் திறக்கப்பட்டவை.

அதற்கடுத்த படம் பெட்டியில்லை. தாள் வைக்கிற இரும்புத் தட்டு, காலியாக. நேரம் மாலை ஆறு பன்னிரண்டு. படத்தின் வலது ஓரத்தில் ஒரு பச்சைத் துப்பட்டா, காதில் போன், பாதி முகம். லாரி நிற்கிற திசையில் நீட்டிய கை.

அந்தத் துப்பட்டாவைத்தான் இந்துப்ரியா இன்றும் போட்டிருந்தாள். நினைவு முழுதாக வரவில்லை, துண்டுதுண்டாக வந்தது. லாரி டிரைவர் ஹாரன் அடித்தது. யாரோ பின்னால் வந்து தாள் தீர்ந்துவிட்டது என்றது. போனைக் காதிலிருந்து எடுக்காமலே, இருக்கறத வச்சு முடிச்சு விடுங்கக்கா, லாரி நிக்கிது என்று அவள் சொன்னது. இந்த மாதிரி ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை சொல்கிறாள்.

"ஏங்க்கா இதக் காலையிலயே சொல்லல?"

"என்னைய யாரு கேட்டா மேடம்? பேரு போட்டாச்சுன்னுதான சொன்னாக." தங்கப்பொண்ணு திரையைப் பார்க்கவில்லை, தரையில் இருந்த தாளின் ஓரங்களை மடித்துக்கொண்டிருந்தாள். "மதியம் ஒரு நெனப்பு வந்துச்சு. கடைசி நாலையும் அழிச்சிட்டுக் குடுப்பமேன்னு. முப்பத்தேழு போதும்ல. உங்களுக்கும் சங்கடமில்ல. அப்புறம் நம்பரு இடிக்குமேன்னு விட்டுட்டேன்."

அவள் குரலில் குத்தல் இல்லை.

விஜய்ஆனந்த் கதவைப் பாதி திறந்து தலையை நீட்டினார். படம் வந்துவிட்டதா, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டார். பார்த்துக்கொண்டிருப்பதாக அவள் சொன்னாள். திரையில் பாதி தெரிகிற தன் முகத்தை மறைக்க, கை தானாகப் படத்தின் ஜன்னலைச் சுருக்கியிருந்தது. அவர் கடிகாரத்தைக் காட்டிவிட்டுப் போனார். மணி மூன்று நாற்பத்தெட்டு.

அவள் படிவத்தைத் திறந்தாள். பொறுப்பானவர் என்ற கட்டத்தில் இருந்த பெயரை ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள். கட்டம் காலியானது. கர்சர் மட்டும் அதில் விட்டுவிட்டு மின்னியது. பிறகு படங்களுக்குத் திரும்பினாள். முதல் பெட்டியின் படத்தில் கிளிக் செய்து, ஷிப்டை அழுத்திக்கொண்டே கீழே இறங்கினாள். படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நீலமாயின. முப்பத்தேழில் விரல் நின்றது.

தங்கப்பொண்ணு மடித்த தாளை இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு எழுந்தாள். குப்பைக் கூடையைப் பார்த்தாள், அதில் போடவில்லை. கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வெளியே போனாள். கண்ணாடி வழியே, ஷெட்டு ஓரத்து அரளிச் செடியடியில் அவள் குனிவது தெரிந்தது. தாளைத் தட்டினாள். விரல் நுனியில் ஒட்டியிருந்த மஞ்சளை எங்கே துடைப்பது என்று ஒரு கணம் பார்த்துவிட்டு, அதை நெற்றியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

இந்துப்ரியாவின் விரல் கீழம்பு விசையை இன்னும் ஒருமுறை அழுத்தியது. முப்பத்தெட்டாவது பெட்டியும் நீலமானது.