இரண்டாம் பத்தில் நாலாவது மணி

தூக்கத்தோடு மல்லுக்கட்ட கிளாட்வினிடம் ஒரே ஒரு வழிதான் இருந்தது, ஜெபமாலை. துறைமுகத்தில் ராத்திரி முழுக்கக் கண்டெய்னர் எண்களைச் சரிபார்த்துவிட்டு, விடிந்ததும் காரை எடுத்தால் பழையகாயல் வரை எப்படியோ வந்துவிடுவான். அதற்கப்புறம் கண் சொக்கும். உடனே மணியை உருட்ட ஆரம்பிப்பான், அதுவும் வாய்விட்டு. பத்துப் பத்து மணியாக ஐந்து பத்து. இரண்டாம் பத்து முடிந்தால் முக்காணி. மூன்றாவதில் ஆத்தூர். ஐந்தாவது முடியும்போது ஆறுமுகநேரி உப்பளம், அதைத் தாண்டினால் வீடு. "மாதாவ வாட்ச்மேன் வேலைக்கு வச்சிருக்கிய" என்று மனைவி விஜிலா கேலி செய்வாள்.

அன்றைக்கு உப்பளம் கண்ணில் பட்டதும் விரலைப் பார்த்தான். இரண்டாம் பத்தில் நாலாவது மணியில் நின்றது.

அதெப்படி? முக்காணி எப்போது போனது? ஆத்தூர்ப் பாலத்தில் ஏறினோமா இல்லையா? மணி தவறியிருக்குமோ என்று பார்த்தால், எண்ணுவதே பிழைப்பாக இருப்பவனுக்கு எண்ணிக்கை தவறுமா? ஒன்றும் விளங்கவில்லை.

காரை ஓரங்கட்டி இறங்கினான். முன் பம்பரில் கிழிந்த வாழைச்சருகு மாட்டியிருந்தது. அதில் நாலைந்து வெற்றிலை, ஈரம்கூடக் காயவில்லை. வெற்றிலை என்றால் ஆத்தூர்தான். யாரையோ அடித்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறான்.

யாரும் பார்க்கவில்லை, பேசாமல் வீட்டுக்குப் போய்விடலாம் என்றும் ஒரு நினைப்பு வந்தது. அப்படி நினைத்ததற்கே வெட்கப்பட்டான். பயத்தில் தூக்கம் ஓடிவிட்டது என்று நம்பி, பைத்தியக்காரன், மறுபடி அதே காரில் ஏறித் திரும்பினான்.

ஆத்தூரில் கூட்டமில்லை, போலீஸ் இல்லை. சாலையோரம் அருணாசலவடிவு என்கிற வெற்றிலைக்காரி மட்டும் உட்கார்ந்து கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும், "என்ன தம்பி, எதையும் விட்டுட்டுப் போயிட்டியளா?" என்றாள்.

"அக்கா, இங்கன கார் யாரையும் இடிச்சுதா?"

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்கதான இடிச்சிய. என்னைய இல்ல, வெத்தலக் கட்ட. காலுக்கு ஒரு சாண் தள்ளி. நீங்களே இறங்கிப் பொறுக்கிக் கட்டியும் குடுத்திய. தூக்கமா தம்பின்னு கேட்டேன். தெளிவாத்தான் இருக்கேன்னு சிரிச்சிய."

"நானா?"

கையைப் பார்த்தான். நகக்கண்ணில் வாழைநார் இருந்தது. யாரையும் கொல்லவில்லை என்று நிம்மதி வர வேண்டும். வரவில்லை, இன்னும் பயமாகத்தான் இருந்தது. நின்று, பேசி, சிரித்துவிட்டுப் போன அந்த ஆள் யார்?

கார்ச் சாவியை நீட்டினான். "இத வச்சுக்கிடுங்க. ரெண்டு மணி நேரம் அந்த வேப்பமரத்தடியில படுக்கேன். இடையில வந்து கேட்டா, எவ்வளவு தெளிவாப் பேசினாலும் குடுக்காதிய."

அவள் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். அவன் அவளிடமே ஒரு சாக்கை வாங்கிப் போய் விரித்துப் படுத்தான்.

நல்ல தூக்கம். எழுந்து வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். "போதும்க்கா. தெளிவாயிட்டேன். சாவியக் குடுங்க, வீட்ல தேடுவாவ."

அருணாசலவடிவு சிரிக்கவில்லை.

"எவ்வளவு நேரம் தூங்குனிய தம்பி?"

"ரெண்டு மணி நேரம் ஆச்சே."

அவள் மடியிலிருந்த வெற்றிலைக் கட்டை எடுத்துக் காட்டினாள். "நீங்க படுக்கப் போகையில கட்ட ஆரம்பிச்சது, அஞ்சு நிமிச வேல. இன்னும் நார் சுத்தல."

கிளாட்வின் அந்த வெற்றிலைக் கட்டையே பார்த்தான். பிறகு திரும்பிப் போய்ப் படுத்தான்.